விழாதவருக்கு வண்டி இல்லை

பெரிய இடத்து மருமகன் ஒருவர், தன் கைக்கு அடங்காத பழைய ரேஸ் பைக் ஒன்றை வாங்கி, வாங்கிய அன்று மாலையே ஒரு கண்ணாடிக் கடைக்குள் நுழைந்துவிட்டார். கதவு வழியாக நுழையவில்லை. அதற்கு முன்பும் எத்தனையோ மருமகன்கள் அப்படி நுழைந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் சாதாரண மாமனார்களே வாய்த்திருந்தார்கள். இவருடைய மாமனார் நினைத்தால் சட்டம் கொண்டுவரக்கூடியவர். நினைத்தார், கொண்டுவந்தார். அப்படிப் பிறந்ததுதான் 'பயன்படுத்திய விரைவு மோட்டார் சைக்கிள் அனுபவப் பொருத்த இயக்ககம்'. இதை ஒரே மூச்சில் சொல்ல முடியாத ஜனங்கள் பொருத்த ஆபீஸ் என்று சுருக்கிக்கொண்டார்கள்.

நோக்கம் நல்ல நோக்கம்தான். எவ்வளவு ஓட்டிப் பழகியவர் எந்த வண்டியை வாங்கலாம் என்று அந்த ஆபீஸ் தீர்மானிக்கும். அதன் சான்று இல்லாமல் யாரும் பழைய ரேஸ் பைக்கைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியாது. அந்த ஆபீஸுக்குள் பல்செட் அக்கா போய் மாட்டிக்கொண்டாள்.

பல்செட் அக்காவுக்குப் பொய்ப்பல் செய்யும் வேலை. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அக்கா மேசை விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு மெழுகில் பல் பல்லாக நட்டு, ராவி, தேய்த்து முடிப்பாள். ஒரு பல் மயிரிழை உயர்ந்துவிட்டாலும் போட்டுக்கொள்பவர் வாய் மூடாது. திட்டுவதற்கு மட்டும் நன்றாகத் திறக்கும். அதனால் அக்காவுக்கு எதையும் விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிற பழக்கம். செய்த செட்டுகளை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள்தான். காலேஜ் நாளில் மொபெட், அப்புறம் ஸ்கூட்டர், அப்புறம் சாதாரண நூற்றைம்பது சிசி பைக் என்று மழையிலும் வெயிலிலும் ஓட்டியிருக்கிறாள். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அதை ஒரு பெருமையாக அவள் நினைத்ததும் இல்லை. பையில் அடுத்தவர் பல் இருக்கும்போது யாருக்கு விழத் தைரியம் வரும்?

நாற்பதைத் தாண்டிய பிறகு அவளுக்கு ஒரு ஆசை வந்தது. ஒரு நாள் சிக்னலில் பக்கத்தில் ஒரு சிவப்பு ரேஸ் பைக் வந்து நின்றது. பச்சை விழுந்ததும், அலட்டிக்கொள்ளாமல் கிளம்பி, வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறைந்துபோனது. அவ்வளவுதான். அன்றைக்குச் செய்த கீழ்த்தாடை செட்டில் இரண்டு கடைவாய்ப்பல்லை இடம் மாற்றி வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர், "உனக்குப் பிடிச்சதை வாங்கு. என்னைப் பின்னாடி உட்காரச் சொல்லாதே," என்றார். அந்த வீட்டில் இதற்கு மேல் சம்மதம் என்று ஒன்று கிடையாது.

அக்கா அவசரப்படவில்லை. முதலில் ஒரு தரகரிடம் போனாள். அவர் ஆயிரம் சிசி வண்டி ஒன்றைக் காட்டி, "வாங்கறதே வாங்கறீங்க, பெருசா வாங்கிடுங்க மேடம். ஓட்ட ஓட்டப் பழகிடும்," என்றார்.

"பெரிய செருப்பா வாங்கினா கால் தானா வளரும்கிறீங்க," என்றாள் அக்கா.

அறுநூறு சிசி ஒன்றில் உட்கார்ந்து பார்த்தாள். கால் கட்டைவிரல்தான் தரையைத் தொட்டது. உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. மணிக்கட்டு போனால் தொழில் போச்சு. கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்: இரண்டு சிலிண்டர், முந்நூறு சிசி, ரொம்பக் குனியவைக்காத ஹேண்டில், இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், இதுவரை ஒரு தடவையும் கீழே விழாத வண்டியாக இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று ஒரு ஜிம் மாஸ்டரிடம் இருந்தது. சிவப்பு. பார்க்கப் போகும்போது நாத்தனாரையும் கூட்டிக்கொண்டாள். நாத்தனார் டவுன் பஸ் ஓட்டுகிறவள். பைக் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் தெரியாததை யாரும் கண்டுபிடிக்க முடியாத குரல் அவளுக்கு.

"ஏன் விக்கறீங்க?" என்று மிரட்டினாள் நாத்தனார்.

"வீட்ல மாசமா இருக்காங்கக்கா. ரெட்டைப் பிள்ளையாம்," என்றார் ஜிம் மாஸ்டர். அவ்வளவு பெரிய உடம்பு அதைச் சொல்லும்போது சின்னதாகிவிட்டது. "இதுல நாலு பேர் எப்படிப் போறது? கார் பார்க்கணும்."

அக்கா என்ஜின் மேல் கை வைத்துப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. கிளம்ப மறுப்பதை மறைக்க முன்கூட்டியே சூடேற்றி வைக்கவில்லை. முதல் தட்டிலேயே கிளம்பியது. ஹேண்டிலின் இரு முனைகள், கால் வைக்கும் கட்டை, பிரேக் லீவரின் நுனி என்று ஒவ்வொன்றையும் நகத்தால் வருடினாள். விழுந்த வண்டி அங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஒரு கீறல் இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்களில் எண்ணெய்க் கசிவு இல்லை. டயரும் செயினும் சரி. நாத்தனார் தன் பங்குக்கு ஹாரனை அடித்துப் பார்த்து, "ஒலி பத்தாது," என்று குறை சொன்னாள்.

அக்கா ஒரு சுற்றுப் போய் வந்தாள். வளைவில் மெல்லச் சாய்ந்தபோது வண்டி கூடவே சாய்ந்தது. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எங்க அண்ணனைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இதுல பாதிகூட நீங்க விசாரிக்கலை அண்ணி," என்றாள் நாத்தனார்.

"விசாரிச்சிருந்தா நீ எனக்கு நாத்தனாரா வந்திருக்க மாட்டே."

பேச்சு முடிந்தது. சான்று மட்டும் பாக்கி. "சீக்கிரம் வாங்கிடுங்கக்கா," என்றார் ஜிம் மாஸ்டர். "குழந்தைங்க வர்றதுக்குள்ள முடியலைன்னா தரகர்கிட்டத்தான் போகணும். அவர் இதைப் பிரிச்சு உதிரியா வித்துடுவார். மனசு வரலை."

பொருத்த ஆபீஸின் முன்கூடத்தில், மணல் நிரப்பிய தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் செடி இருந்தது. அதற்கு யாரோ தினமும் தண்ணீர் ஊற்றியதால் தரை ஈரமாகி, பக்கத்தில் 'வழுக்கும், கவனம்' என்று நிரந்தரமாகவே ஒரு பலகை வைத்திருந்தார்கள். சுவரில் இயக்ககத்தின் இலச்சினை: கவிழ்ந்த பைக், மேலே உதயசூரியன் மாதிரி ஒரு தலை.

கவுன்ட்டரில் இருந்தவர் அக்காவை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "அனுபவம்?"

"இருபது வருஷத்துக்கு மேல ஓட்டறேன் சார்."

"அது ஓட்டினது. நான் கேட்டது அனுபவம்."

"புரியலை சார்."

"எத்தனை தடவை விழுந்திருக்கீங்க?"

"விழுந்ததில்லை சார்."

இப்போது நிமிர்ந்து பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுகூடவா? சின்னதா, சிராய்ப்பு மாதிரி? ஆஸ்பத்திரிச் சீட்டு, தையல் தழும்பு, ஏதாவது காட்டினாக்கூடப் போதும்."

"இல்லையே சார்."

"அப்போ அனுபவம் இல்லாதவர்னுதான் போடணும். எனக்கே கஷ்டமா இருக்கு," என்றவர், அவளை உதவி இயக்குநரிடம் அனுப்பினார்.

காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் ஒரு இளைஞன் இருந்தான். கையில் கட்டு, காலில் கட்டு, முகத்தில் பழைய கட்டுகளின் தடம். ஆபீஸில் எல்லோருமே அவனை மாவுக்கட்டு என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். போகிற வருகிற ஊழியர்கள் அவனுக்கு வணக்கம் வைத்தார்கள்.

"நீங்க ரொம்ப அனுபவசாலி போல," என்றாள் அக்கா.

அவன் அழுகிற மாதிரி சிரித்தான். "நான் கேட்டது ஒரு சின்ன வண்டிதான்கா. பழகலாம்னு. முதல்ல சும்மா ஒரு தடவை விழுந்தேன். அனுபவம் கூடிடுச்சுன்னு பெரிய வண்டிக்குச் சான்று குடுத்தாங்க. அது தாங்கலை, விழுந்தேன். இன்னும் பெருசு குடுத்தாங்க. இப்போ ஆயிரம் சிசிக்குக் கீழ எனக்குச் சான்றே கிடையாதாம். சின்னது குடுங்கன்னு கெஞ்ச வந்திருக்கேன்."

"குடுப்பாங்களா?"

"தகுதிக்குக் கீழ குடுத்தா எனக்கு அவமரியாதையாம்கா."

உதவி இயக்குநர் மென்மையான மனிதர். அக்காவை உட்காரச் சொல்லி, விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்து, பொறுமையாக விளக்கினார்.

"சட்டத்துல அனுபவம்னா என்னன்னு ஒரு விளக்கம் வேணும் இல்லையா? ரொம்ப யோசிச்சோம். அப்போதான் அந்த மருமகன் சார் ஆஸ்பத்திரியில இருந்து ஒரு பேட்டி குடுத்தார். 'இது எனக்கு ஒரு நல்ல அனுபவம்'னு சொன்னார். அதுக்கு மேல எங்களுக்கு என்ன ஆதாரம் வேணும்? அவர் விழுந்தார், அதை அனுபவம்னார். ஆக, விழுந்தாத்தான் அனுபவம்."

"விழாம ஓட்டறது சார்?"

"அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு அரசாங்கம் சான்று குடுக்க முடியாதும்மா."

"நீங்க பைக் ஓட்டுவீங்களா சார்?"

உதவி இயக்குநர் பெருமையாக நிமிர்ந்தார். "இந்த இயக்ககத்துல யாருமே ஓட்ட மாட்டோம். எனக்கு சைக்கிளே வராது. ஓட்டத் தெரிஞ்சவன் உட்கார்ந்தா அவனுக்குன்னு ஒரு அபிப்பிராயம் வந்துடும். நடுநிலை போயிடும். வேலைக்கு எடுக்கும்போதே அதைக் கேட்டுத்தான் எடுக்கறோம்."

ஆனால் அவருக்கு நிஜமாகவே இரக்கம் இருந்தது. செய்முறைத் தேர்வில் நன்றாகச் செய்தால் பார்க்கலாம் என்று பின்பக்க ஹாலுக்கு அனுப்பினார்.

ஹாலின் நடுவில் ஒரு பைக் இருந்தது. பாதுகாப்புக்காக அதன் சக்கரங்களைக் கழற்றித் தரையோடு போல்ட் போட்டிருந்தார்கள். புகை வரக் கூடாது என்று என்ஜினையும் எடுத்துவிட்டார்கள். என்ஜின் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பதவி ஒலி உதவியாளர். அக்கா முறுக்க முறுக்க அவர் வாயால் "ட்ர்ர்ர்" என்று சத்தம் எழுப்புவார். எதிரே தேர்வாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு மார்க் போடுவார்.

முதல் கியர் நன்றாகவே போயிற்று. இரண்டாவதில் ஒலி உதவியாளர் அருமையாக மேலேறினார். மூன்றாவதுக்கு மாற்றும்போது பாவம், அவருக்குத் தொண்டை கம்மி இருமல் வந்துவிட்டது.

"என்ஜின் ஆஃப்," என்றார் தேர்வாளர், கண்ணைத் திறக்காமல். "கிளட்ச்சைச் சரியா விடலை. தோல்வி."

"அவர் இருமினார் சார்."

"ரோட்ல உங்க என்ஜின் இருமினா அப்பவும் என்கிட்ட வந்து சொல்லுவீங்களா?"

ஒலி உதவியாளர் தண்ணீர் குடித்துவிட்டு, "மன்னிச்சுக்கங்கக்கா, காலையில இருந்து ஆறாவது கியர் வரைக்கும் போற ஆளுங்களாவே வந்துட்டாங்க," என்றார்.

அக்கா மறுபடி உதவி இயக்குநரிடமே வந்தாள். அவர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிவிட்டு, ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றார். முற்றத்தில் விழுதல் பிரிவு இருந்தது. அங்கே அதிகாரி முன்னிலையில் ஒரு தடவை முறைப்படி விழுந்துவிட்டால் முந்நூறு சிசிக்கு உண்டான அனுபவம் வந்துவிடும். மெத்தை மட்டும் இன்னும் வரவில்லை. அதன் உறை வந்துவிட்டது. அதைத் தரையில் விரித்துத் தருவார்கள்.

மறுநாள் அக்கா தன் பழைய பைக்கையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். சிமெண்ட் தரையில் வெறும் உறை. பக்கத்தில் விழுதல் அதிகாரி, கழுத்தில் விசிலோடு. விசில் அடித்தால் விழ வேண்டும்.

அடித்தார். அக்கா வண்டியை நகர்த்தினாள். உறை அருகே வந்ததும் சாயப் பார்த்தாள். சாயும்போதே கால் தானாக இறங்கி ஊன்றிக்கொண்டது. மறுபடி அடித்தார். இந்த முறை கை பிரேக்கைப் பிடித்துவிட்டது. இன்னொரு தடவை. கண்ணை மூடிக்கொண்டு போனாள். உடம்பே எடையை மாற்றி வண்டியை நிமிர்த்திக்கொண்டது. அதிகாரிக்கு விசில் அடித்துக் கன்னம் வலித்தது.

"சும்மா தொப்புன்னு விழுங்க அண்ணி! ஒரு நிமிஷ வேலை!" என்று கத்தினாள் நாத்தனார்.

"வரலைடி. என்னால முடியலை."

அன்றைக்கு வண்டியை நிறுத்திவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தபோது அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக எதைச் சரி என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுத்தாளோ, அதையே இப்போது ஒரு குறையாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். தனக்கு வண்டி ஓட்டத் தெரியாதோ என்ற சந்தேகம் அவளுக்கே வந்துவிட்டது.

நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நானும் பஸ்ஸை எங்கயும் மோதினதில்லை அண்ணி. இவங்க கணக்குல நான் இன்னும் டிரைவரே ஆகலை," என்றாள். அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

வண்டிக்கும் ஒரு பரிசோதனை உண்டு. அதையாவது முடித்துவிடுவோம் என்று சில நாள் கழித்து ஜிம் மாஸ்டர் சிவப்பு பைக்கை ஆபீஸுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்குப் பார்த்து இயக்ககத்தின் ஆண்டு விழா. முற்றத்தில் பந்தல், நாற்காலி, மைக். மாவுக்கட்டுக்கு 'சிறந்த அனுபவசாலி' பட்டம் கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் முன்வரிசையில், தப்பிக்க வழி தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

இயக்குநர் சட்டையில் குத்திய மைக்கோடு பேசிக்கொண்டே பந்தலைச் சுற்றி வந்தார். "நம் இயக்ககம் வந்த பிறகு விபத்துகள் பல மடங்கு பெருகியிருக்கின்றன. அதாவது, நாட்டின் அனுபவம் பல மடங்கு பெருகியிருக்கிறது!" என்றார். பலத்த கைதட்டல். அதே உற்சாகத்தில் ஓரமாக நின்ற சிவப்பு பைக்கைப் பார்த்தார். "இதோ, போட்டோ எடுங்கள்," என்று அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"சார், சாவி போட்டிருக்கு," என்றார் ஜிம் மாஸ்டர் பதறிப்போய்.

"சார், கியர்ல இருக்கு. கிளட்ச்சை விட்டுடாதீங்க," என்றாள் அக்கா, ஓடிவந்து.

"எனக்குச் சொல்லித் தருகிறீர்களா? உங்களுக்கு என்ன அனுபவம்?" என்று கேட்டபடி இயக்குநர் தெரிந்த பட்டனை அழுத்தி, தெரிந்ததை முறுக்கி, கையில் பிடித்திருந்ததை விட்டார்.

வண்டி குதித்தது. இயக்குநர் வண்டியை விட்டு ஒரு பக்கமும் வண்டி இன்னொரு பக்கமும் போனார்கள். அவர் மெத்தை உறையின் மேல் விழுந்தார். வண்டி சிமெண்ட் தரையில் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. அக்கா ஓடிப்போய் முதலில் என்ஜினை அணைத்தாள். ஜிம் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். மாவுக்கட்டு மட்டும் பழக்கதோஷத்தில், "இடது தோள் சார்! முதல் தடவைக்கு நல்லா விழுந்தீங்க!" என்றான்.

"யார் விழுந்தது?" இயக்குநரின் குரல் தரையிலிருந்து மைக்கில் கம்பீரமாக வந்தது. "நான் விழவில்லை. விழுந்தது வண்டி. நான் அதற்கு அனுபவம் கொடுத்தேன்!"

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

இப்படிச் சொல்லிவிட்டபடியால் அதை எழுத்திலும் கொண்டுவர வேண்டியதாயிற்று. உதவி இயக்குநர் இரண்டு நாள் சட்டத்தைப் புரட்டினார். வண்டி, ஓட்டுநர் என்ற இணையில் ஒருவருக்கேனும் அனுபவம் இருந்தால் போதும் என்று ஒரு வரி இருந்தது. ஒருவர் என்பது மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்பினார்.

வளைந்த லீவரையும் உடைந்த இண்டிகேட்டரையும் ஜிம் மாஸ்டர் தானே மாற்றிக் கொண்டுவந்திருந்தார். பக்கத் தகட்டில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. அக்கா அதை விரலால் தடவினாள். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், தங்குதடையில்லாமல் திரும்பியது. உள்ளே அடி படவில்லை.

"இது போனா போகட்டும்னா வேற வண்டி பார்க்கலாம் அண்ணி," என்றாள் நாத்தனார்.

"வேண்டாம். நேரா நிக்குது, நேரா திரும்புது. தோலுதான் போயிருக்கு," என்றாள் அக்கா.

உதவி இயக்குநர் வாசல்வரை வந்து சான்றை இரண்டு கையாலும் கொடுத்தார். ஓட்டுநர்: அனுபவமற்றவர். வண்டி: அனுபவமுள்ளது. பொருத்தம்: திருப்தி. அக்கா நன்றி சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. கிட்டே வந்து, உண்மையான அக்கறையோடு, குனிந்து சொன்னார்.

"ஒரே ஒரு புத்திமதிம்மா. ரோட்ல போகும்போது நீங்களா எதையும் முடிவு பண்ணாதீங்க. வண்டி சொல்றபடி கேட்டு நடந்துக்கங்க. ரெண்டு பேர்ல அதுதான் சீனியர்."

"சரிங்க சார்," என்றாள் அக்கா. சீனியரை முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டாள்.